பல் மறைக்கும் கோணல்

நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்க உதவும் தட்டையான மரக்குச்சியை எடுத்து, இரு பக்கத்து முன்கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்காக வைத்துக் கடிக்கும்படி முகம் கோணியவரிடம் சொல்கிறார் மருத்துவர். பின்பு நேர் எதிரே நின்று பார்க்கிறார். இரண்டு கருவிழிகளையும் சேர்த்து மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், குச்சி அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். வலது முனை தாழ்ந்து இடது முனை உயர்ந்திருந்தால், கோணல் முகவாயோடு நிற்கவில்லை, மேல்தாடையும் சேர்ந்தே சரிந்திருக்கிறது என்று பொருள். ஒரு தாடையை மட்டும் வெட்டித் திருத்தினால் போதுமா, இரண்டையும் வெட்ட வேண்டுமா என்ற பெரிய கேள்விக்கு முதல் குறிப்பு இந்தச் சின்னக் குச்சியில் கிடைத்துவிடுகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயிலும் சரி, சென்னையிலும் சரி.

எந்த மனித முகமும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று மேலே, ஒரு கன்னம் சற்றுப் பருத்து, இப்படித்தான் எல்லோரும் பிறந்து வளர்கிறோம். முகவாய் நடுக்கோட்டை விட்டு 4 மில்லிமீட்டர் அளவுக்கு விலகும்போதுதான் பிறர் கண்ணுக்கு அது கோணலாகப் படத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குத் தாடைக் குறைபாட்டுடன் வந்தவர்களைப் பற்றி 1997-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 34 விழுக்காட்டினருக்கு முகக் கோணல் இருந்தது. கோணல் இருந்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கு அது முகத்தின் மேற்பகுதியில் தென்பட்டது. மூக்கை ஒட்டிய நடுப்பகுதியில் 36 விழுக்காடு. முகவாயிலோ 74 விழுக்காடு.

கீழே போகப் போக ஏன் இவ்வளவு கூடுகிறது? கீழ்த்தாடை மண்டையோட்டோடு ஒட்டிய எலும்பு இல்லை. இரண்டு காதுகளுக்கும் முன்னால் உள்ள இரண்டு மூட்டுகளில் அது தொங்குகிறது. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள எலும்புக் குமிழின் உச்சியில் குருத்தெலும்பு இருக்கிறது. பிள்ளைப் பருவம் முழுதும் அந்தக் குமிழ்களின் வளர்ச்சியோடுதான் தாடை நீள்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே காலம் வரை வளர்ந்தாக வேண்டும். ஒன்று முந்தினாலோ பிந்தினாலோ முகவாய் குட்டையான பக்கத்தை நோக்கித் திரும்பிவிடும்.

முகவாய் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இடது குமிழ் வளராமல் நின்றிருக்கலாம், வலது குமிழ் அளவு மீறி வளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் முகத்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சிகிச்சை வேறு. ஒருபக்கக் குமிழின் மிகை வளர்ச்சியை அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 1836-லேயே எழுதி வைத்தார். அதில் தாடை கீழ்நோக்கிப் பருப்பது ஒரு வகை, பக்கவாட்டில் நீள்வது இன்னொரு வகை என்று 1986-ல் சூரிச் மருத்துவர்கள் ஹூகோ ஓப்வெகசரும் மாக்கெக்கும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இந்த வளர்ச்சி பதின்பருவத்தில் தொடங்கி இருபதுகளின் பிற்பகுதி வரைகூட நீடிப்பதுண்டு. அதனால் மருத்துவர் இரண்டு குமிழ்களின் எலும்புச் செயல்பாட்டையும் கதிரியக்க மருந்து செலுத்திப் படமெடுத்து ஒப்பிடுகிறார். இரு பக்கத்துக்கும் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் வளர்ச்சி இன்னும் ஓயவில்லை என்று ஐயப்பட வேண்டும். அப்போது காத்திருப்பார், அல்லது வளரும் குமிழின் உச்சியை முதலில் சீவி எடுப்பார். ஓயாத வளர்ச்சியின் மேல் தாடையைத் திருத்தினால், திருத்திய முகம் ஓரிரு ஆண்டில் மறுபடி கோணும்.

குட்டையாகிப் போன தாடைக்கு நம் ஊரில் அடிக்கடி கேட்கும் காரணம் சிறுவயது விழுகை. மாடிப்படியிலோ திண்ணையிலோ தவறி விழும் குழந்தைக்கு முகவாய் தரையில் மோதுகிறது. தோல் கிழிந்த இடத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மோதிய விசை தாடை வழியே ஏறி, காதுக்கு முன்னால் உள்ள குமிழை உடைத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சில குழந்தைகளுக்கு அந்த மூட்டு எலும்போடு எலும்பாகக் கூடிவிடுகிறது. வாய் திறப்பது மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, பிறகு அந்தப் பக்கத் தாடை வளராமலே நின்றுவிடும். முகவாயில் தையல் போட்ட எந்தக் குழந்தைக்கும் மூட்டைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும், வாய் எவ்வளவு திறக்கிறது என்று சில மாதங்கள் கவனிக்க வேண்டும். பெற்றோர் இதைக் கேட்டுப் பெறலாம். இங்கே தவறவிடும் ஒரு வாரத்துக்குப் பின்னாளில் பல ஆண்டுச் சிகிச்சை ஈடாகிறது.

இனி பல்லுக்கு வருவோம். தாடை மெதுவாகக் கோணும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. நாக்கும் கன்னமும் உதடும் இடைவிடாமல் அவற்றைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. கடிப்பதற்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று எதிரே அமைய வேண்டும். கீழ்த்தாடை இடப்பக்கம் போகப் போக, அந்தப் பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கை நோக்கி உள்ளே சாய்கின்றன, அவற்றைத் தேடி மேல் கடைவாய்ப் பற்கள் கன்னத்தை நோக்கி வெளியே சாய்கின்றன. வலப்பக்கத்தில் இதற்கு நேர்மாறு. கீழ் முன்பற்களும் முகத்தின் நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்கும். எலும்பு எட்டு மில்லிமீட்டர் கோணியிருக்க, பல்வரிசையில் நாலோ ஐந்தோதான் தெரியும். மீதியைப் பற்கள் மறைத்துவிட்டன.

நிலை சாய்ந்துபோன வீட்டில் தச்சர் கதவை இழைத்து இழைத்துப் பொருத்தியிருப்பார். கதவு ஒருவழியாகச் சாத்தும். பிறகொரு நாள் நிலையை நிமிர்த்தினால், அதே கதவு பொருந்தாது. சாய்ந்த தாடையில் சாய்ந்து பழகிய பற்களும் அப்படித்தான். பற்களை அப்படியே விட்டுத் தாடையை மட்டும் வெட்டி நேராக்கப் பார்த்தால், எலும்பு நேராவதற்கு முன்பே பற்கள் இடித்துக்கொண்டு வழியை மறிக்கும். பல்லை மட்டும் கிளிப் போட்டு நேராக்கினால் முகவாய் இருந்த இடத்திலேயே இருக்கும், கடிதான் கெடும். தனித்தனியாக இரண்டு சிகிச்சையுமே தோற்கும் இடம் இது.

ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பல் சீரமைப்பு நிபுணர் செய்யும் வேலை, பற்கள் செய்து வைத்த ஈடுகட்டலை அவிழ்ப்பது. ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின் நடுவில் நேராக நிறுத்துகிறார். மறைந்திருந்த கோணல் முழுதும் வெளியே வருகிறது. முன்பு ஓரளவு கடித்தவருக்கு இப்போது தோசையைப் பிய்த்துக் கடிப்பதும் சிரமம். பேச்சு குழறலாம். முகவாய் முன்பைவிட ஒருபக்கமாகத் தெரியும். கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் ஓர் இளைஞர், முகத்தைச் சரிசெய்யச் சேர்ந்த சிகிச்சையில் ஓராண்டுக்கு மேல் தன் முகம் மோசமாவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கத்தியைவிடப் பலரை வாட்டுவது இந்தக் காலம்தான் என்பது என் எண்ணம். பாதியில் கிளிப்பைக் கழற்றச் சொல்பவர்களில் பலருக்கு யாரும் முதல் நாளே இதை விளக்கியிருக்க மாட்டார்கள். கோணலான வாயைச் சொல்லியே பெயர் வைத்துக் கூப்பிடும் நம் பழக்கம் இந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது. வீட்டாரும் நண்பர்களும் இதை அறிந்து நடந்துகொள்வது மருந்துக்குச் சமம்.

பல்லை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவதற்கு மெல்லிய, தளராத விசை தேவை. அதைத் தருவது கம்பி. கார்ல்ஸ்ரூஹேயை இந்தக் கதையில் அழுத்தமாகப் பொருத்துவதும் அந்தக் கம்பியே. 1767-ல், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து பாடன் நாட்டை ஆண்ட கார்ல் ஃப்ரீட்ரிஷ், தென்கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமில் ஓர் அனாதை இல்லத்தில் நகையும் கடிகாரமும் செய்யும் பட்டறைக்கு அனுமதி தந்தார். பொன்னை முடிபோல் இழுப்பது, நுண்ணிய துண்டுகளைப் பற்றவைப்பது, உலோகங்களைக் கலப்பது ஆகிய கைத்திறன்கள் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தங்கின. 1886-ல் அங்கே தொடங்கிய டென்டாரம் நிறுவனமும், 1907-ல் தொடங்கிய ஃபொரெஸ்டாடென்ட் நிறுவனமும் இன்று உலகெங்கும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும், பல்லில் ஒட்டும் பிராக்கெட்டும் கம்பியும் செய்கின்றன. பழைய நாளில் பற்கம்பிகள் தங்கக் கலவையில்தான் வந்தன, ஆகவே நகைத்தொழிலாளர் இந்தத் துறைக்குள் வந்தது இயல்பானது. பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது. 1970களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் நிக்கல்-டைட்டானியம் கம்பியைப் பல் சீரமைப்புக்குக் கொண்டுவந்தார். வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே மெதுவாகத் திரும்பும் அந்தக் கம்பியால், மாறுபட்ட கோணங்களில் சாய்ந்த பற்களை மெல்லிய விசையில் நகர்த்தத் தொடங்க முடிகிறது. அறுவை சிகிச்சை நெருங்கும்போது அதை எடுத்துவிட்டுத் தடித்த எஃகுக் கம்பி போடுவார்கள். அதில் சிறு கொக்கிகள் இருக்கும். தாடைகளைப் பிணைப்பது அவற்றில்தான்.

கார்ல்ஸ்ரூஹேயில் பல் மருத்துவப் படிப்புள்ள பல்கலைக்கழகம் கிடையாது. ஜெர்மனிக்குள் ஹைடல்பெர்க்கும் டூபிங்கனும்தான் அருகிலுள்ளவை. ஆனாலும் பல் மருத்துவர்களுக்கான தொடர்கல்வி அகாதெமி 1920-லிருந்து இங்கே இயங்குகிறது. மோல்ட்கே தெருவிலுள்ள மாநகர மருத்துவமனையில் வாய், தாடை, முக அறுவைக்குத் தனித்துறை இருக்கிறது. அந்த மருத்துவமனை ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மருத்துவமனையும்கூட. ஜெர்மனியில் இந்தத் துறையில் நிபுணராவதற்கு மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் படித்து, அதன்மேல் ஐந்தாண்டுப் பயிற்சி பெற வேண்டும். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்து இந்த அறுவை நிபுணராகிறார். பல் சீரமைப்பு அங்கும் இங்கும் தனித்துறை. ஜெர்மனியில் பல் சீரமைப்பு நிபுணர் பெரும்பாலும் நகரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பார், அறுவை நிபுணர் மருத்துவமனையில் இருப்பார். இரண்டு இடங்களுக்கு நடுவில் நோயாளி அலைகிறார். முதல் கம்பி போடும் முன்பே இருவரும் ஒத்துப்போகும் ஒரே திட்டத்தை வகுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அங்கே உண்டாக்கியது காப்பீட்டு விதி.

ஜெர்மனியின் பொதுக் காப்பீடு 18 வயது நிரம்பியவருக்குப் பல் சீரமைப்புச் செலவைத் தருவதில்லை. ஒரே விலக்கு, அறுவையும் பல் சீரமைப்பும் சேர்ந்தே தேவைப்படும் கடுமையான தாடைக் குறைபாடு. எது கடுமை என்பதை 2002 முதல் எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல் வரையறுக்கிறது. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே விழும் குறுக்குக்கடி இரண்டு பக்கமும் இருந்தால் அது கே3. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கே4. வயதுவந்தவருக்குக் காப்பீடு கிடைப்பது கே4-லிருந்துதான். மேலோட்டமாகப் பார்த்தால் விந்தையாகத் தோன்றும்: இரண்டு பக்கக் கோளாறைவிட ஒரு பக்கக் கோளாறு எப்படிக் கடுமையானது? ஒருபக்கக் குறுக்குக்கடி தாடையை ஒரு பக்கமாக இழுக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது எலும்பையே கோணலாக வளரச் செய்யக்கூடும். பட்டியலை எழுதியவர்கள் கோணலின் ஆபத்தை உணர்ந்திருக்கிறார்கள். பிள்ளைப் பருவத்தில் மேல்தாடையை விரித்து இந்தக் கடியை மாற்றிவிட்டால் பலருக்குப் பின்னாளில் கத்தியே தேவைப்படாது.

இந்த இரு துறைகளும் கைகோத்த கதை பழையது. 1897-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்ரே பிளேர் கீழ்த்தாடையின் இருபுறமும் எலும்பை வெட்டி எடுத்துப் பின்னால் தள்ளினார். பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் அதில் பங்காற்றினார். ஆனால் இன்றைய முறைக்கு வித்திட்டவர் ஓப்வெகசர். 1953-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கீழ்த்தாடையின் பின்பகுதியை வாயின் உள்ளிருந்தே, வெளியே ஒரு தழும்பும் இல்லாமல், நீளவாக்கில் இரண்டு தகடுகளாகப் பிளந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் தாடையை முன்னாலும் பின்னாலும் திருப்பியும் வைக்கலாம், எலும்புப் பரப்பு அகலமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் நன்றாகக் கூடும். பிற்பாடு சூரிச்சில் அவர் மேல்தாடையையும் முழுதாக விடுவித்து நகர்த்தினார். இரண்டு தாடைகளையும் ஒரே அமர்வில் திருத்தியதை 1970-ல் வெளியிட்டார். வெட்டி விடுவித்த மேல்தாடைக்கு ரத்தம் எங்கிருந்து வரும், எலும்பு செத்துவிடாதா என்ற அச்சம் அப்போது பெரிதாக இருந்தது. அண்ணத்தையும் கன்னத்தையும் ஒட்டிய சதை வழியே போதுமான ரத்தம் ஓடுகிறது என்பதை வில்லியம் பெல் குரங்குகளில் செய்த ஆய்வுகளால் நிறுவினார்.

வெட்டிய எலும்பை எப்படிப் பிடித்து வைப்பது? முன்பு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி வாயை ஆறு வாரம் வரை மூடி வைத்தார்கள். நோயாளி திரவ உணவு மட்டுமே உறிஞ்சிக் குடித்தார். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரைன் நதியை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் போனால் எல்லைக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர். அங்கே மாக்சிம் ஷாம்ப்பி 1970களில், தாடையின் எந்தக் கோட்டில் இழுவிசை ஓடுகிறதோ அங்கே சின்னஞ்சிறு உலோகப் பிளேட் ஒன்றை வைத்தால் போதும் என்று காட்டினார். அதன் பிறகு வாயைப் பூட்டி வைக்கும் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. இந்த மாற்றத்தைத் தாடை அறுவையில் நிகழ்ந்த மிகப் பெரிய இரக்கச் செயல் என்றே நான் கருதுகிறேன்.

கோணல் முகத்தில் அறுவை எப்படி நடக்கிறது? பெரும்பாலும் மேல்தாடையிலிருந்து தொடங்குகிறார்கள். உதட்டைத் தூக்கி, பல் வேர்களுக்கு மேலே எலும்பைக் கிடையாக வெட்டி, தாடையைக் கீழே இறக்குகிறார்கள். தாழ்ந்து தொங்கும் பக்கத்தில் ஆப்பு வடிவில் எலும்பைச் சீவி அந்தப் பக்கத்தை மேலே ஏற்றலாம், அல்லது உயர்ந்த பக்கத்தை இறக்கி இடைவெளியில் எலும்பு ஒட்டு வைக்கலாம். எது என்பதை உதடு முடிவு செய்கிறது. வாய் ஓய்வாக இருக்கும்போது மேல் முன்பற்கள் எவ்வளவு தெரிகின்றன என்று அளந்து பார்த்து, அதிகம் தெரிந்தால் ஏற்றுவார்கள், குறைவாகத் தெரிந்தால் இறக்குவார்கள். சரிந்ததோடு மேல்தாடை திரும்பியும் இருந்தால் அந்தத் திருப்பத்தையும் இப்போதே நேராக்க வேண்டும்.

இறக்கிய தாடையை எங்கே வைப்பது என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. முன்கூட்டியே வார்த்த பிளாஸ்டிக் அச்சு ஒன்று, இன்னும் வெட்டப்படாத கீழ்ப்பற்களின் மேல் அமர்கிறது. மேல்பற்கள் அதன் குழிகளில் உட்காரும் இடமே சரியான இடம். டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்கியபின், கீழ்த்தாடையைப் பிளந்து, இரண்டாம் அச்சால் மேல்தாடையோடு பொருத்துகிறார்கள். கோணலைத் திருத்தும்போது கீழ்த்தாடை ஒருபக்கம் பின்னாலும் மறுபக்கம் முன்னாலும் போகும். அப்போது தகடுகள் சில இடங்களில் இடிக்கும். இடிக்கும் எலும்பைத் தேய்க்காமல் இழுத்து முடுக்கினால் மூட்டுக் குமிழ் முறுக்கிக்கொள்ளும், கோணலும் திரும்பும். அனுபவமுள்ள கை இங்கே நேரம் செலவிடும். கடைசியில் முகவாய் நுனி இன்னும் விலகியிருந்தால் அதைத் தனியாக வெட்டி நடுவுக்கு நகர்த்துகிறார்கள்.

கீழ்த்தாடையின் உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். பிளக்கும்போது அது இழுபடுவதால், கண் விழித்தவர்களில் மிகப் பலருக்கு உதடு மரத்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி மரத்தே இருந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் நோயாளி இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு அச்சுகளைச் செய்ய பிளாஸ்டர் மாதிரியை ரம்பத்தால் அறுத்து, மெழுகில் ஒட்டி, மேசையில் ஒத்திகை பார்த்தார்கள். இடவலக் கோணலில் அந்த ஒத்திகை சிறிது தவறினாலும் பிழை பெருகும். இப்போது சி.டி. ஸ்கேனிலிருந்து முப்பரிமாண மண்டையோட்டைக் கணினியில் எழுப்பி, நல்ல பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கி மறுபக்கத்தின் மேல் வைத்து ஒப்பிடுகிறார்கள். திட்டமிட்ட இடத்துக்கும் தாடை உண்மையில் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் 2 மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தால் ஏற்கத்தக்கது என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகம் (2009 முதல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழகம்) இந்தத் துறைக்கு முன்கூட்டியே உழைத்தது. ஹைன்ஸ் வோர்ன் தலைமையிலிருந்த ரோபோ ஆய்வுக்கூடமும் ஹைடல்பெர்க்கின் முக அறுவைத் துறையும் சேர்ந்து, திட்டமிட்ட பாதையிலேயே மண்டையோட்டு எலும்பைக் கடையும் ரோபோவை உருவாக்கின. முதன்முதலில் ஒரு நோயாளியிடம் அதைப் பயன்படுத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. அது தாடையை வெட்டவில்லை. ஆனால் திரையில் வரைந்த கோட்டை எலும்பில் அப்படியே கொண்டுவருவது என்ற அதே சிக்கலை எதிர்கொண்டது. இன்று பல இடங்களில் ரோபோவுக்குப் பதில், நோயாளியின் எலும்புக்கென்றே அச்சிட்ட வெட்டு வழிகாட்டிகளும் பிளேட்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன.

அறுவைக்குப்பின் முகம் வீங்கும். பெரும்பகுதி சில வாரங்களில் வடியும், மிச்சம் வடிய ஆறு மாதம்கூட ஆகலாம். அந்த வீக்கமும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. முதல் மாதத்தில் கோணல் இன்னும் இருப்பதாக நினைத்து மனம் தளர்பவர்களுக்கு மருத்துவர் இதைச் சொல்லித் தேற்ற வேண்டும். சிறு ரப்பர் வளையங்கள் பற்களைப் புதிய கடிக்குப் பழக்கும். இன்னும் நாலு முதல் எட்டு மாதம் கம்பி இருக்கும். செலவு என்று பார்த்தால், ஜெர்மனியில் பொதுக் காப்பீடு பெற்றவர் மருத்துவமனையில் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 10 யூரோ கட்டுகிறார். பல் சீரமைப்புச் செலவில் 20 விழுக்காட்டை முதலில் தன் கையிலிருந்து போடுகிறார். திட்டப்படி சிகிச்சையை முடித்துவிட்டால் அந்தப் பணம் திரும்பி வரும். பாதியில் விடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. நம் ஊரில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தச் சிகிச்சைக்குச் செலவு குறைவு, ஆனால் வெளியூர்க்காரர் இரண்டு ஆண்டு மாதந்தோறும் பேருந்தேறி வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பயணச் செலவே தடையாகிறது. அதற்கும் ஓர் உதவித்தொகை இருந்தால் பல முகங்கள் நேராகும்.

எலும்பு நேரானபின்னும் சிலருக்குக் கன்னம் ஒருபக்கம் மெலிந்தே தெரியும். பல ஆண்டு ஒருபக்கமாக மென்ற தசையும், அதன்மேல் வளர்ந்த சதையும் எலும்போடு முழுதாக நகர்வதில்லை. வீக்கம் முற்றிலும் வடிந்த பிறகு, வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து அந்தக் கன்னத்தில் நிரப்பலாம். ஜெர்மனியில் பிளேட்டுகளை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், இந்த இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடிகிறது. இந்தியாவில் தொல்லை தராத பிளேட்டைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். பற்கள் மறுபடி நகராமல் பிடிக்க அவற்றின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பி மட்டும் இரு நாட்டிலும் பல ஆண்டுகள் இருக்கும். அதை நோயாளி ஆறு மாதத்துக்கொருமுறை காட்டி வர வேண்டும்.